வெறுந்தட்டு

பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எந்தச் சாஸ்திரத்திலும் எழுதி வைக்காமலே நம் வீடுகளில் நடந்து வருகிற ஒரு சட்டம். அடுத்த வீட்டு அம்மாள் நாலு முறுக்கும் இரண்டு அதிரசமும் வைத்து அனுப்பினால், நம் வீட்டில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அது அந்தத் தட்டில் ஏறிப் போயாக வேண்டும். பலகாரம் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரை. அதற்கும் தட்டுப்பாடு என்றால் கொல்லையிலிருந்து ஒரு பிடி முருங்கைக்கீரை, இல்லை இரண்டு எலுமிச்சம்பழம். ஏன் என்று குழந்தைகள் கேட்டால், வெறுந்தட்டைக் கொடுத்தால் மகாலட்சுமி போய்விடுவாள் என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். மகாலட்சுமியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்றாலே, உண்மையான காரணத்தைச் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை அல்லது மனமில்லை என்று அர்த்தம்.

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். எதையும் தராசில் வைத்துப் பார்க்காமல் விடாதவர். "இதை நீங்களெல்லாம் அன்பு என்கிறீர்கள். எனக்கென்னவோ இது பண்டமாற்றாகத்தான் தெரிகிறது. திரும்பி வரும் என்று தெரிந்துகொண்டே கொடுப்பது கொடையா? கொடுத்தவன் கொடுத்ததை அந்த நிமிஷமே மறந்துவிட வேண்டாமா?" என்று ஒரு தீபாவளியன்று, எங்கள் வீட்டு அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன் என்றாலும் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மனிதர்களுக்கு அதிரசம் என்பது வெறும் தித்திப்பு அல்ல. 1993-ல் தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் நோன்பு பிரியவில்லை. தெற்குச் சீமையில் தீபாவளி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டாசு வெடித்து, அன்றோடு முடிந்துவிடும். எங்கள் பக்கத்திலோ அமாவாசையில் வரும் கேதார கௌரி நோன்புதான் பெரிய காரியம். 21 இழை சேர்த்த நோன்புக் கயிறு, 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 வாழைப்பழம் என்று எல்லாவற்றுக்கும் இருபத்தொன்றுதான் கணக்கு. பார்வதி தேவி 21 நாள் விரதமிருந்து இறைவனின் உடம்பில் சரிபாதி வாங்கிக்கொண்டாள் என்பது கதை. சம்பந்தம் பேசும்போதுகூட, "உங்கள் வீட்டில் நோன்பு உண்டா?" என்று கேட்பார்கள். நோன்பு உள்ள வீடு, நோன்பு இல்லாத வீடு என்று இரண்டு வகை உண்டு. இல்லாத வீட்டுக்கு உள்ள வீட்டிலிருந்து அதிரசம் போகும். இரண்டு நாளைக்குத் தெருவில் தட்டுகள் நடந்துகொண்டே இருக்கும்.

அதிரசம் தனி ஆளாகச் செய்கிற பண்டமும் அல்ல. பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். மாவு மில் வருவதற்கு முன்னால் இது இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கை போட்டுச் செய்த வேலை. பிறகு வெல்லப் பாகு. இதில்தான் எல்லாம் இருக்கிறது. கொதிக்கும் பாகில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீரில் விட்டால், அது கரையாமல் திரண்டு, விரலுக்குள் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். ஒரு நிமிஷம் தாண்டினால் கல்லாகிவிடும். இந்தப் பதத்தைக் கண்ணால் சொல்லத் தெரிந்த ஒரு மூதாட்டி ஒவ்வொரு தெருவிலும் இருப்பாள். நோன்புக்கு முன்பு அவளுக்கு ஓய்வு கிடையாது. வீடு வீடாக அழைத்துப் போவார்கள். அவள் அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்து, "இறக்கு" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு யார் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? மாவு புளிக்கப் புளிக்க ருசி கூடும் என்று ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து, பிறகு வாழை இலையில் தட்டி, மல்லாட்டை எண்ணெயில் போட்டு எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் அழுத்தி எண்ணெயைப் பிழிவார்கள்.

மல்லாட்டை என்றால் வெளியூர் வாசகர்கள் திகைக்க வேண்டாம், வேர்க்கடலைதான். மணிலாக் கொட்டை எங்கள் வாயில் புகுந்து மல்லாட்டையாக வெளியே வந்திருக்கிறது. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் இந்தியாவில் எங்கெங்கோ பயிராயிற்று, அதிலுள்ள 'டி.எம்.வி.' திண்டிவனம்தான். தென் அமெரிக்காவில் பிறந்த ஒரு செடியின் எண்ணெயில் பார்வதி தேவியின் நைவேத்தியம் வேகிறது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்து மொய்க்கு நோட்டு உண்டு. பலகாரத்துக்கு நோட்டு கிடையாது. ஆனால் என் தாயார் அந்த நோட்டை மனசில் வைத்திருந்தார். எந்த வீட்டிலிருந்து எத்தனை வந்தது, அதில் உடைந்தது எத்தனை, போன வருஷம் நெய்யில் சுட்டவர்கள் இந்த வருஷம் எண்ணெய்க்கு இறங்கிவிட்டார்களா என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். என் நண்பரின் கட்சிக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதே தாயார், அந்த வீடுகளில் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது, நடு இரவில் கொட்டுகிற மழையில் ஓடினார். அதிரசத்தை எண்ணி வைத்திருந்த அவர், அந்த இரவை எண்ணி வைத்ததாகத் தெரியவில்லை. எண்ணி எண்ணித்தான் அந்த வீட்டை அவர் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நெருக்கமில்லாதவர்கள் கொடுத்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

இது நம்முடைய தெருவின் அல்பத்தனம் மட்டும் அல்ல. 1925-ல் மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பசிபிக் தீவுக்காரர்களையும், அமெரிக்கப் பழங்குடிகளையும், பழைய ரோமானியச் சட்டத்தையும், நம்முடைய தர்ம சாஸ்திரங்களையும்கூட ஆராய்ந்துவிட்டு, கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றுமே கடமைகள் என்று அவர் சொன்னார். மகாலட்சுமியின் பெயரைச் சொல்லாமல் அதையே சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போவானேன்? திருமலைக் கோயிலில் விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதிரசப்படி, அப்பப்படி என்று நைவேத்தியங்களுக்குக் கட்டளை வைத்தவர்கள், அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, வெல்லம் இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. படைத்த பிரசாதத்தில் பொதுவாக நாலில் ஒரு பங்கு, கட்டளை வைத்தவருக்கே திரும்பி வரும். 'விட்டவன் விழுக்காடு' என்று அதற்குப் பெயர். கடவுளே தட்டை வெறுமனே திருப்பவில்லை என்றால் அடுத்த வீட்டுக்காரர் மட்டும் திருப்பலாமா?

ஆக, திரும்பி வருவதில் தவறில்லை என்று நான் நண்பரிடம் வாதாடலாம். ஆனால் அவர் கேட்காத ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. திருப்ப முடியாதவன் என்ன செய்வான்?

அயர்லாந்து தேசத்துக் கிராமங்களில், மோரும் சோடா மாவும் சேர்த்துப் பிசைந்த ரொட்டியை இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின் மேலும் நெருப்பைப் பரப்பிச் சுடுவார்களாம். அறுவடைக்கும் கதிரடிப்புக்கும் அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் மாற்றி மாற்றி உழைப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடுவது வீட்டுக்காரியின் கௌரவம். கதவைத் தட்டியவனைப் பட்டினியாக அனுப்பாத தேசம் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். கொடுக்க ஒன்றுமில்லாததாலும், காய்ச்சல் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தாலும், அந்த விருந்தோம்பும் ஜனங்கள் தங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். பசியைப் போலவே அந்தச் சாத்திய கதவும் பின்னால் வந்தவர்களுடைய நினைவில் தங்கிவிட்டது.

சாத்திய கதவு நமக்கும் புதிதல்ல. இன்றைய திண்டிவனத்துக்குள் கிடங்கில் என்றொரு பகுதி இருக்கிறது. சங்க காலத்தில் அது ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியதுதான் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. இன்றைய மரக்காணம் என்று சொல்லப்படும் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் புளிக்கறி போட்ட சூடான சோறு கிடைக்கும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு கிடைக்கும் என்று வழியெல்லாம் இலை போட்டு அழைத்துப் போகிறது அந்தப் பாட்டு. புளிய மரத்தால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தில் அந்தப் புளிக்கறியை நினைத்து நான் நாக்கில் நீர் ஊற நின்றதுண்டு. ஆனால் இத்தனை விருந்துக்கும் முன்னால் வேறொரு சமையலறை அதில் வருகிறது. இடிந்த வீடு, குட்டி போட்ட நாய் ஒன்று பால் வற்றிக் குரைக்கிறது. பசியால் மெலிந்த ஒருத்தி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். வறுமை இன்னதென்று அறியாதவர்கள் கண்ணில் பட்டுவிடுமே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறாள். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பு ஒரு புலவன் இதைப் பார்த்திருக்கிறான். அந்தக் கீரையையும் அவள் சுற்றத்தோடுதான் உண்டாள் என்பதை அவன் கவனித்ததுதான் பெரிது.

எங்கள் தெருவிலும் அப்படி ஒரு கதவு சாத்தியது. விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசையில், கடைசி வீட்டுக்காரருக்கு வேலை போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரமே, "திண்டிவனத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம்" என்று அந்த அம்மாள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். பூட்டும் தொங்கியது. ஆனால் பின்பக்கத்துக் கூரையில் மாலை வேளையில் லேசாகப் புகை தெரிந்தது. தட்டு வந்தால் திருப்பியாக வேண்டும். திருப்ப வீட்டில் ஒன்றுமில்லை. ஆகவே ஒரு குடும்பமே தன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது. தெருவின் அன்பு அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது!

என் தாயார் புகையைப் பார்த்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொல்லை வழியாகப் போய், "அக்கா, ஊரிலிருந்து வந்துட்டீங்களா? நல்ல வேளை. பாகு என் கையிலே நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டார். என் தாயாருக்குப் பாகு வைக்கத் தெரியாது என்றால் எங்கள் தெருவில் பூனைகூட நம்பாது. அந்த அம்மாள் வந்தார், பதம் பார்த்தார், உட்கார்ந்து நூறு அதிரசம் தட்டிக் கொடுத்தார். போகும்போது ஒரு தூக்கு நிறைய அதிரசம் அவரோடு போயிற்று. "இது உங்க கை வேலைக்கா. இதிலே நான் குடுக்க என்ன இருக்கு?" என்றார் என் தாயார். கைம்மாறு முதலில் வந்துவிட்டது. கொடை பின்னால் போயிற்று. மோஸ் இந்த வரிசையைத் தம் கட்டுரையில் சேர்த்தாரோ இல்லையோ, என் தாயார் அந்தக் கணத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கும் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. சுற்றத்தாரும் அண்டை அயலாரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் அந்த வீட்டிலிருந்து மட்டும் தட்டு வெறுமனே வரும். யாரும் அதைக் குறையாக எண்ணியதில்லை. துக்கம் கடனை நிறுத்தி வைத்தது. வறுமைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏன் இல்லை என்று கேட்டுப் பார்க்கிறேன். சாவு எல்லார் வீட்டுக்கும் வரும் என்று தெருவுக்குத் தெரியும். வறுமை மட்டும் அவரவர் செய்துகொண்டது என்று நினைத்தார்கள் போலும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் வாசல் வழியாகப் போய் வந்த தட்டுகள். கொல்லைப்புறக் கதையையும் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது பாதிப் பேச்சு.

திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் பாட்டி வீடு. பண்டிகை நாளில் நிலத்தில் வேலை செய்கிற சேரிப் பெண்கள் கொல்லைப் பக்கம் வந்து நிற்பார்கள். பாட்டி தாராளக்காரி, முறம் நிறையப் பலகாரம் கொண்டுவந்து, அவர்கள் விரித்த முந்தானையில் உயரத்திலிருந்து போடுவாள். தட்டு கிடையாது. ஆகவே திருப்புகிற பிரச்னையும் கிடையாது! என் நண்பர் கேட்டாரே, திரும்பி வராத கொடை, அது இங்கே இருந்தது. ஒரு மல்லாட்டை அறுவடையின்போது அந்தப் பெண்களில் ஒருத்தி, தன் பங்குக் கூலிக் கடலையைத் தன் வீட்டுச் சட்டியில் உப்புப் போட்டு வேக வைத்து, சூடு ஆறாமல் துணியில் முடிந்து எங்களுக்கென்று கொண்டுவந்தாள். பாட்டி முகம் கோணாமல் வாங்கிக்கொண்டாள். "நல்லாயிருடி" என்றுகூடச் சொன்னாள். அந்தப் பெண் தெருமுனை தாண்டியதும் கடலை அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. மாடு ரசித்துத் தின்றது.

அன்றைக்குப் பாட்டி எதை மறுத்தாள்? அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அவளிடமிருந்து வாங்குவதைத்தான் மறுத்தாள். வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அடுத்த பண்டிகைக்கு உயரத்திலிருந்து போட முடியாது; தட்டு எடுக்க வேண்டும். திரும்பப் பெறாமல் கொடுப்பது உயர்ந்த தர்மம் என்று மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாட்டுத் தொட்டி ஞாபகம் வருகிறது. தட்டுக்குத் தட்டு கணக்குப் பார்த்த என் தாயாரின் அல்பத்தனத்தில், எதிர்வீட்டுக்காரி தனக்குச் சமம் என்ற ஒப்புதலாவது இருந்தது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்குப் பலகாரத் தட்டைக் காரணமாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒருவர் சமைத்ததை இன்னொருவர் வாயில் வைக்காமலே ஒரே ஊரில் வாழ்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, அந்தக் காலத்துத் தெருவின் ஒற்றுமையைப் பற்றி உருகி எழுத என் பேனாவுக்கு வரவில்லை.

இப்போது தட்டுகள் குறைந்து பெட்டிகள் வந்துவிட்டன. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அழகான அட்டைப் பெட்டி. மேலே கடையின் பெயர். பெட்டியை யாரும் திருப்பித் தர வேண்டியதில்லை. அதில் ஒரு நிம்மதி இருப்பதை மறுக்க முடியாது. அந்தக் கடைசி வீட்டுக்காரர் இன்றைக்கு இருந்தால் பூட்டைத் தொங்கவிட வேண்டியிருக்காது. வந்த பெட்டியையே பிரிக்காமல் இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம். சில பெட்டிகள் நாலு வீடு சுற்றிவிட்டுக் கொடுத்தவரிடமே வந்து சேர்கின்றன. 'விட்டவன் விழுக்காடு' இந்த ரூபத்திலும் பிழைத்திருக்கிறது!

கடைப் பலகாரம் வந்ததால் பண்பாடு அழிந்தது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "இன்னார் வீட்டு அதிரசம்" என்று சொல்லும்போது அந்த இன்னார் ஒரு ஆண்பிள்ளை. புகையில் கண் எரிந்தவளுக்கு அதில் பெயரில்லை. என் தாயாரின் வலது முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் வரிசையாக இருந்தன. தெருவின் தாராளம் அவ்வளவும் பெண்களின் முதுகில் ஏறி நடந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவி, இன்றைக்கு எத்தனையோ ஊர்களில் பெண்கள் அதே முறுக்கையும் அதிரசத்தையும் சுட்டு விற்றுக் காசு பார்க்கிறார்கள். பாகு பதம் பார்க்கிற விரலுக்குக் கூலி கிடைப்பதை வீழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். விலை கொடுத்து வாங்கியதையும் பெட்டியிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்து, கொண்டுபோய் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வர எத்தனை பேருக்கு மனசிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

போன வருஷம் தீபாவளி முடிந்து ஆறாம் நாள், எங்கள் மாடிக் குடித்தனத்துப் பெண் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து நின்றாள். புருஷனுக்கு ரயில்வேயில் வேலை, பீகார்க்காரர்கள். அன்று அவர்களுக்குச் சட் பூஜையாம். தட்டில் தேக்குவா என்ற பண்டம் இருந்தது. கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்து, மர அச்சில் அழுத்திப் பொரித்தது. கடித்துப் பார்த்தால் நம் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் வீட்டில் அதிரசம் தீர்ந்து போயிருந்தது. என் மனைவி அவசர அவசரமாக ஒரு கைப்பிடி சர்க்கரையைத் தட்டில் போட்டு நீட்டினாள். அந்தப் பெண் சர்க்கரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது உங்க ஊர்ப் பிரசாதமா, ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி வைத்தோம். இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாடியேறிப் போனாள்.